உடையாத சட்டமும் குளிர்ந்த கோடையும்

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

என் பிரிவு விருந்தன்று என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்று நன்றி என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மேடையில் சொற்கள் வரிசையாக வருவதில்லை, காகிதத்தில்தான் வரும். அன்று சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன். சோதனை முறைகளைப் பற்றி எழுதப்போவதில்லை. அவை கையேட்டில் இருக்கின்றன, என்னைவிடத் தெளிவாக. கையேட்டில் இடம்பெறாத ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

மலாக்காவில் உட்கார்ந்துகொண்டு மலைப் பைன் மரத்தின் வளையங்களைப் பார்த்துப் பிழைத்தவள் நான். சொந்தக்காரர்களிடம் இதை விளக்குவதை வெகுகாலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டேன். "கட்டைய ஒடைச்சுப் பாக்கிற ஆபிஸ்ல வேல" என்று என் அத்தை மகன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். அது தவறு என்றும் சொல்ல முடியாது. கட்டையை ஒடித்தோம். ஏன் ஒடிந்தது என்று எழுதிக் கொடுத்தோம். நாம் எழுதும் அந்த ஒரு பக்கத்தை நம்பி ஆலைகள் பலகையை வாங்கும், திருப்பி அனுப்பும், ஆளை வைத்திருக்கும், ஆளை அனுப்பும். கடைசியில் சொன்ன அந்த 'ஆளை அனுப்பும்' என்பதை நீங்கள் மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வளையத்தைப் பற்றிக் கொஞ்சம். உங்களில் சிலர் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு மரங்களுக்கு ஓய்வு கிடையாது. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வரும். மரமும் வளர்ந்துகொண்டே இருக்கும். ரப்பர் பலகையின் முனையைச் சீவிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே நிறம். குளிர்நாட்டு மலைச்சரிவில் நிற்கும் பைனின் வாழ்க்கை வேறு. பனி உருகியதும் அவசர அவசரமாக வளரத் தொடங்கும். அப்போது உருவாகும் கட்டையில் அகலமான, மெல்லிய சுவருள்ள குழாய்கள் இருக்கும். தண்ணீரை மேலே ஏற்றுவது அவற்றின் வேலை. நிறம் வெளிர். கோடை முற்றும்போது அவசரம் அடங்கும். குழாய்கள் சிறுக்கும், சுவர்கள் தடிக்கும். அதுதான் கருங்கோடு. மரத்தின் எலும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குளிர் வந்து எல்லாம் நின்றுவிடும். ஒரு வெளிர்ப்பட்டை, ஒரு கருங்கோடு: ஓர் ஆண்டு முடிந்தது.

மழை பொய்த்த ஆண்டில் வளையம் ஒடுங்கும். வசந்தத்தில் ஈரம் நிறையக் கிடைத்தால் வெளிர்ப்பட்டை அகலும். கோடையில் சூடு போதாமல் குளிர் சீக்கிரம் திரும்பிவிட்டால், சுவர்கள் தடிக்க நேரமில்லாமல் கருங்கோடு வெளுத்துப்போய் நிற்கும். நான் இதுவரை பனியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் எங்கோ ஒரு மலையில் ஒரு கோடை சரியாக வரவில்லை என்பதை மலாக்காவில் ஒரு மேசைமுன் உட்கார்ந்து தெரிந்துகொண்டிருக்கிறேன். இந்த வேலை எனக்குக் கொடுத்த சந்தோஷங்களில் அது பெரியது.

இதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் அன்றைய தலைவர். நாங்கள் எல்லோரும் அவரை, மலாயில் அம்மையார் என்று பொருள்படும் புவான் என்றே அழைத்தோம். பெயரைச் சொல்லிப் புகழ்வது அவருக்குப் பிடிக்காது, இங்கும் சொல்லவில்லை. மெலிந்த உருவம், எப்போதும் கைப்பையில் ஓர் உருப்பெருக்கி. நான் சேர்ந்த புதிதில், கால் முறிந்த ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். நான் முறிந்த காலை எல்லாக் கோணத்திலும் படமெடுத்து, அளந்து, அழகாக எழுதி அவரிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "நாற்காலிக்கு நான்கு கால்கள் அல்லவா?" என்று மட்டும் மலாயில் கேட்டார். எனக்குப் புரியவில்லை. "உடைந்ததைப் பார்க்க ஊரே வரும். உடையாத மூன்றையும் யார் பார்ப்பது?" என்றார்.

அதை நான் ஒரு நல்ல வாசகமாக எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் உபயோகம் சிம்பாங் அம்பாட்டில்தான் விளங்கியது.

சிம்பாங் அம்பாட் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு ஓரமாக ஒரு மரச்சாமான் ஆலை இருந்தது. காலங்காலமாக ரப்பர் கட்டையில் கட்டிலும் மேசையும் செய்தவர்கள். அந்த ஆண்டு முதன்முறையாக மலைப் பைன் பலகையை வாங்கியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்கு அடுக்குக் கட்டில்கள் செய்ய வேண்டும். மேலே ஒரு பிள்ளை, கீழே ஒரு பிள்ளை படுக்கும் கட்டில். ஆலையிலேயே எடை ஏற்றிப் பார்த்தபோது மேல்கட்டிலின் பக்கச் சட்டம் முறிந்தது. இன்னொன்றை எடுத்து ஏற்றினார்கள். அதுவும் முறிந்தது.

ஆலை மேலாளர் நடராஜன் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். கீழே ஒரு வரி: "காய வச்சதுல ஓவர்ஹீட். இன்னிக்கே வந்து கன்ஃபர்ம் பண்ணிக் குடுங்க மேடம்."

படத்தைப் பார்த்ததும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்ல கட்டை ஒடியும்போது நார் நாராகக் கிழியும், கரும்பை ஒடித்தாற்போல. இது ரஸ்க்கை ஒடித்ததுபோல் மொட்டையாக ஒடிந்திருந்தது. பூச்சி மருந்து ஏற்றிய பலகை ஈரமாகத்தான் வரும்; அதை ஆலையிலேயே சூடான அறையில் அடுக்கிக் காயவைப்பார்கள். சூடு மிஞ்சினால் கட்டை உள்ளுக்குள் வெந்து இப்படித்தான் ஒடியும். இப்படி ஒடிய வேறு காரணமும் உண்டு. ஆனால் கைக்கு எட்டும் காரணம் இருக்கும்போது மற்றதைத் தேடி யாரும் போவதில்லை.

ஆலைக்குப் போனதும் நடராஜன் வாசலிலேயே நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"லோரி நாளைக்கு காலைல மேடம். இல்லத்துல பிள்ளைங்க பாயில படுத்திருக்குதுங்க. வார்டன் அம்மா போன் மேல போன் போட்டு என் காதையே காய வச்சிட்டாங்க. நீங்க ஓவர்ஹீட்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, காஞ்ச பலகைய ஒதுக்கிட்டு மிச்சத்த வேற ஆள வச்சு காயப் போட்டுருவேன்."

"வேற ஆளா?"

அவர் உலர்த்தும் அறையின் பக்கம் கையைக் காட்டினார். "அந்த அக்காவ வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன். போக மாட்டேங்குறாங்க."

உலர்த்தும் அறையை அங்கே எல்லோரும் 'அடுப்பு' என்பார்கள். அதன் இரும்புக் கதவுக்கு முன்னால் பலகை அடுக்கின்மேல் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் மோட்டார்சைக்கிள் தலைக்கவசம். பெயர் சரோஜா, அந்த அடுப்பைக் கவனிப்பவர். பாயா ரும்புட்டிலிருந்து தினமும் மோட்டாரில் வந்து போகிறவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். என் கழுத்திலிருந்த அடையாள அட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் கட்டைக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்றவங்களா?"

"ஆமாக்கா."

"பண்ணுங்க. யார் கொன்னாங்கன்னு முன்னமே முடிவு பண்ணிட்டாங்க. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்லா."

"நான் இன்னும் எதையும் பார்க்கலையே."

"லீவு எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்கறாரு. போனேன்னா நாளைக்கு கேட்டுல என் கார்டு வேலை செய்யாது. எனக்குத் தெரியாதா?" தலைக்கவசத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல ஒரு அடுப்பு, இங்க ஒரு அடுப்பு. ரெண்டுலயும் கருகினா பழி எனக்குத்தான். வீட்டுலயாவது கருகினத நானே தின்னுருவேன். இங்க அதுகூட முடியல."

சிரிக்கக் கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்து எதையும் சுலபமாக எழுத முடியாது என்று தெரிந்துவிட்டது.

நடராஜன் என்னைத் தனியே அழைத்தார். அவரைக் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். "எனக்கு அவங்க மேல கோவம் இல்ல மேடம். யார்டு கூட்டிக்கிட்டு இருந்தவங்கள அடுப்புக்குத் தூக்கிப் போட்டதே நான்தான். பொம்பளைக்கு அந்த வேலையா, மானா போலே, எப்படி முடியும்னு எல்லாரும் சிரிச்சாங்க. நான் பிடிவாதமா போட்டேன். இப்ப என் மூஞ்சியிலதான் கரி."

அடுப்பின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். "சூட்டுப் பதிவு அளவாத்தானே காட்டுது?"

"சென்சார் பழசு. அத நம்ப முடியாது." முறிந்த சட்டங்களை எடுத்து என்முன் வைத்தார். "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்க. நான் ரெண்டு சோறு காட்டுறேன். இன்னும் என்ன வேணும்?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பழைய சென்சாரின் பதிவு அவரை மறுக்கப் போதாது. முறிந்த துண்டு அவர் பக்கம் பேசியது. லோரி மறுநாள் காலையில் வந்துவிடும். பிள்ளைகள் பாயில் படுத்திருந்தார்கள். ஒரு வரி எழுதினால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஒருவர் மட்டும் திரும்பி வர முடியாது.

கான்டீன் பக்கமாக ஒதுங்கி நின்று புவானுக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். படத்தையும் அனுப்பினேன். சூடு மிஞ்சிய அடையாளம் என்றே எனக்குப் படுகிறது என்றேன். 

"உடையாததைப் பார்த்துவிட்டாயா?" என்று கேட்டார்.

அந்த நான்கு கால் நாற்காலி சட்டென்று கண்முன் வந்தது. இல்லை என்றேன்.

"பார்த்துவிட்டு எழுது. இன்னொன்று, ஜாங்ஙான் துலிஸ் சியாப்பா, துலிஸ் ஆப்பா." யார் என்று எழுதாதே, எது என்று எழுது. அவ்வளவுதான். அவருக்கு வேறு கூட்டம் இருந்தது, வைத்துவிட்டார்.

திரும்பி வந்து நடராஜனிடம், இதே பலகைகளோடு அதே நாள் அதே அடுப்பில் காய்ந்த வேறு பலகை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பெருமாளைக் கூப்பிட்டார்.

பெருமாள் அண்ணன் அந்த ஆலையின் கண். லோரியிலிருந்து பலகை இறங்கியதும் எது கட்டிலின் எந்தப் பாகத்துக்கு என்று பார்த்துப் பிரிப்பவர். தோட்டத்தில் பிறந்து, மரம் வெட்டி, அந்தத் தோட்டம் வீடமைப்பு நிலமான பிறகு ஆலைக்கு வந்தவர். காதில் பென்சில், தோளில் துண்டு.

"இருக்குது மேடம். மெத்தைக்குக் கீழ போடுற அடிப்பலகைக்குன்னு தள்ளி வச்சிருக்கேன். ஆனா அத எதுக்குப் பாக்குறீங்க? அது பட்டினி மரம்."

"பட்டினி மரமா?"

அவர் இரண்டு பலகைகளைக் கொண்டுவந்து முனையை என்பக்கம் திருப்பி வைத்தார். ஒன்றில் வளையங்கள் அகலம் அகலமாக, தாராளமாக இருந்தன. மற்றதில் நெருக்கி நெருக்கி, விரல்ரேகைபோல.

"இது பாருங்க, நல்லா ஒரம் தின்ன மரம். கொழுகொழுன்னு வளந்திருக்கு. இது, பாவம், சாப்பாடே கெடைக்காம வளந்தது. பிள்ளைங்க ஏறி எறங்குற கட்டில்லா? அதான் நல்லதா எல்லாத்தையும் சட்டத்துக்கு எடுத்துட்டு, இத அடிப்பலகைக்குத் தள்ளிட்டேன்."

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். ரப்பர் மரம் தண்டு பருத்தால்தான் வெட்டுக்கு எடுப்பார்கள். பருக்காத மரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். பருத்தது நல்லது, ஒடுங்கியது மட்டம் என்பது எங்கள் கண்ணுக்குள்ளேயே வளர்ந்த அளவுகோல். அந்த இரண்டு பலகைகளில் பிள்ளைகளின் கட்டிலுக்கு ஒன்றை எடு என்று அந்த நொடியில் யாராவது சொல்லியிருந்தால், படித்ததெல்லாம் எனக்கு நினைவுக்கு வருமுன் என் கை அகலமான வளையத்தின்மேல்தான் போயிருக்கும். குளிர்நாட்டு மரத்தில் அந்த அளவுகோல் செல்லாது. அங்கே அகலம் என்பது பெரும்பாலும் அந்த மெல்லிய சுவருள்ள வெளிர்ப்பட்டையின் அகலம்.

ஒடுங்கிய பலகையைச் சட்ட அளவுக்கு வெட்டித் தாங்கிகளின்மேல் வைத்து எடை ஏற்றச் சொன்னேன். ஏற்றினார்கள். வளைந்தது. முன்பு சட்டங்கள் முறிந்த எடையைத் தாண்டியது. முனகியது. சுற்றிலும் வேலையாட்கள் கூடிவிட்டார்கள். சரோஜா மட்டும் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தார். கடைசியில் அது முறிந்தபோது சிலும்பு சிலும்பாக, நீள நீளமாகக் கிழிந்தது.

"ஒரே அடுப்பு, ஒரே நாள், ஒரே சூடு," என்றேன். "சூடு மிஞ்சியிருந்தா இதுவும் ரஸ்க் மாதிரி ஒடைஞ்சிருக்கணும்."

சிலர் குனிந்து கிழிந்த முனையைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு சரோஜாவின் குரல் வந்தது: "கேட்டுதா நடராஜன் தம்பி? போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்திருச்சு."

நடராஜன் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் மூளை அடுத்த வேலைக்குப் போய்விட்டது. முகம் மலர்ந்தது. "அப்ப முடிஞ்சிச்சு மேடம்! இந்த ஒடுங்கின பலகைய எல்லாம் சட்டத்துக்குப் போட்டுருவோம். ஓவர்டைம் குடுத்து எல்லாரையும் நிறுத்தி வச்சா காலைக்குள்ள ஏத்திரலாம். நெருக்கமா இருந்தா சட்டம், அகலமா இருந்தா அடிப்பலகை. அத அப்படியே ஒரு வரி எழுதிக் குடுங்க."

எனக்கும் அந்த நிமிடம் இனித்தது. ஒருவர் வேலை தப்பியது, கட்டில் போய்ச் சேரும், காரணமும் கிடைத்துவிட்டது. பேனாவைத் திறந்துவிட்டேன். ஆனால் புவான் கேட்ட கேள்வி காதில் நின்றுகொண்டிருந்தது. சற்று முன்வரை உடையாதது என்பது இந்த ஒடுங்கிய பலகை. இப்போது எல்லோரும் நம்பிவிட்ட பிறகு, யாரும் பார்க்காதது அதே அடுக்கின் மிச்சம்தான். ஒன்றை மட்டும்தானே ஒடித்திருக்கிறோம்? ஒரு சோற்றைப் பார்த்துப் பானையைச் சொன்ன நடராஜனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சோறு ஒரே பானையில் வெந்தது உண்மை. ஆனால் அரிசி ஒரே வயலில் விளைந்ததல்ல. ஒவ்வொரு பலகையும் வேறு வேறு மரம். வேறு வேறு சரிவு.

"பெருமாளண்ணே, அதே அடுக்குல அடியில இருந்து இன்னும் கொஞ்சம் எடுங்க," என்றேன்.

"போச்சுடா," என்று நடராஜன் வாய்க்குள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

எடுத்துவந்த ஒடுங்கிய பலகைகளின் முனைகளைச் சீவி உருப்பெருக்கியால் பார்த்தேன். மூன்றாவதில் கை நின்றது. வளையங்கள் நெருக்கம்தான். ஆனால் பட்டைப்பக்கம், மரத்தோலை ஒட்டியிருந்த வளையங்களில், வரிசையாகக் கருங்கோடு வெளுத்திருந்தது. பென்சிலால் கோடு போட்டு ரப்பரால் அழித்தாற்போல. முறிந்த அகலச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் பட்டைப்பக்கம் அதே வெளுப்பு, அதே வரிசை. வேறு வேறு மரங்கள், ஒரே ஆண்டுகள். அந்த மலையில் சில கோடைகள் அடுத்தடுத்துத் தவறியிருக்க வேண்டும். வசந்தத்தில் ஈரம் கிடைத்த மரம் அகலமாகவும், கிடைக்காத மரம் ஒடுக்கமாகவும் வளர்ந்தது. ஆனால் எலும்பு முற்றவேண்டிய நேரத்தில் இரண்டுக்குமே சூடு இல்லை.

அந்த மூன்றாவது பலகையை ஏற்றச் சொன்னேன். அது ரஸ்க்போல ஒடிந்தது.

அந்தப் பலகையை அன்றிரவே சட்டமாக்கி மறுநாள் லோரியில் ஏற்றியிருந்தால், அதன்மேல் ஒரு பிள்ளை ஏறிப் படுத்திருக்கும். எல்லோர் மனத்திலும் அதுதான் ஓடியிருக்கும். நடராஜன் தன் ஆலைப் பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அகலம் இல்ல, ஒடுக்கம் இல்ல," என்றேன். "இந்தக் கருங்கோட்டப் பாருங்க. கருப்பா, தடிப்பா இருந்தா சட்டத்துக்கு எடுங்க. வெளுத்திருந்தா வேண்டாம். எடுத்ததையும் ஒவ்வொண்ணா எடை ஏத்திப் பார்த்துட்டுத்தான் கட்டில்ல பூட்டணும். இது நாளைக் காலைக்குள்ள முடியாது."

அவர் கைபேசியை எடுத்து மணியைப் பார்த்தார். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது. "சரி. அடுப்பு இல்ல. அப்ப ஒதுக்கினவர் தப்பு. அப்படித்தான?"

எல்லோரும் பெருமாளைப் பார்த்தார்கள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான் எடுத்தேன்," என்றார். "அந்தக் கட்டையெல்லாம் நான் கையால தடவிப் பாத்து எடுத்தது. பிள்ளைங்க படுக்கிறதாச்சேன்னு நல்லதாப் பாத்து எடுத்தேன் தம்பி. மட்டமானத எடுத்திருந்தா ஒரு பேச்சு. நல்லதுன்னு எடுத்ததுதான் ஒடைஞ்சிருக்கு. சரோஜாவ ஒண்ணும் சொல்லாத. என்னைச் சொல்லு."

பலகை அடுக்கின்மேலிருந்து சரோஜா எழுந்து வந்தார். "ஏன் அண்ணே, எனக்கு வந்த பழி ஒங்களுக்குச் சும்மா எடுத்து மாட்டிக்கலாம்னு பாக்குறீங்களா? ஒருத்தர் வெளிய வந்தா இன்னொருத்தர் உள்ள போறதுக்கு இது என்ன கக்கூசா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். நான் அந்த இடைவெளியில் நடராஜனிடம் கேட்டேன்: "பைன் பலகைய எப்படிப் பிரிக்கணும்னு இங்க யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கீங்களா? வித்தவங்க சொன்னாங்களா?"

அவர் எழுந்து போய்ப் பெருமாள் வைத்த அகலமான பலகையையும் ஒடிந்துகிடந்த ஒடுங்கியதையும் பார்த்தார். அகலமானதைக் கையில் எடுத்தார், எடை பார்ப்பதுபோல். வெகுநேரம் வைத்திருந்தார்.

"எங்கப்பா தோட்டத்துல ஒரம் போட்டவரு," என்றார், யாரிடமும் இல்லாமல். "ஒரம் தின்ன மரத்தத்தான் தட்டிக் குடுப்பாரு. நானும் இதத்தான் எடுத்திருப்பேன் அண்ணே."

அதன்பின் வார்டன் அம்மாளுக்குப் போன் செய்து, லோரி வராது என்றார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கெல்லாம் கேட்டது. அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி, "ஆமாம்மா, ஆமாம்மா" என்று வாங்கிக்கொண்டார். அவருக்கு நான் அந்த ஒரு போனுக்காக இன்றும் மரியாதை வைத்திருக்கிறேன்.

ஆலை அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். முறிவுக்குக் காரணம் உலர்த்துதல் அல்ல. குளிர்ந்த கோடைகளில் உருவான, முற்றாத கருங்கோடுள்ள கட்டை. இந்த மரத்தைப் பிரிப்பதற்கு ஆலையில் வழிமுறை எதுவும் இல்லை. இனி இப்படிப் பிரிக்கவும். ஒரு பெயரும் இல்லை. அன்றுதான் புவான் சொன்னதன் மறுபாதி எனக்குப் பிடிபட்டது. யார் என்று எழுதாதே என்பதைத் தப்பித்துக்கொள்ளும் தந்திரம் என்றுதான் எண்ணியிருந்தேன். எது என்று சரியாக எழுதிவிட்டால், யார் என்ற கேள்விக்குத் தேவையே இல்லாமல் போகிறது. எது என்பது தெரியாதபோதுதான் நாம் ஆளைத் தேடுகிறோம்.

கட்டில்கள் தாமதமாகத்தான் போயின. தேறிய பைன் சட்டங்கள் போதவில்லை. மிச்சத்துக்கு ரப்பர் கட்டையைப் போட்டார்கள். இல்லத்துப் பிள்ளைகள் அதுவரை பாயில்தான் படுத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் அந்த வருத்தத்தோடு தூங்க முடிகிறது.

உங்களுக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. அவசரம் வரும். அவசரப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகவே இருப்பார்கள், அதனால்தான் கஷ்டம். முதல் பதில் தவறு என்று தெரிந்ததும் வரும் இரண்டாவது பதில் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அதில் நாம் நிம்மதியடைந்திருப்போம். உங்களுக்குக் கடினமான கேள்வி கேட்கிறவர் ஒருவர் வாய்த்தால் அவரை விட்டுவிடாதீர்கள். எனக்குப் புவான் வாய்த்தார். போகாமல் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் வாய்த்தார். நல்லதென்று எடுத்தேன் என்று கூட்டத்தில் சொல்லத் தெரிந்த ஒருவர் வாய்த்தார். இவர்களுக்கு நான் என்ன திருப்பிக் கொடுத்தேன் என்று பார்த்தால், ஒரு பக்க அறிக்கை. குறைவுதான்.

அன்று நான் கிளம்பும்போது சரோஜா அடுப்புக்கு முன்னால் நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடராஜன் கான்டீனிலிருந்து நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், தே தாரிக், இரண்டு அனுப்பியிருந்தார். "மன்னிப்புக் கேக்கத் தெரியாதவங்க தே வாங்கிக் குடுப்பாங்க," என்று சரோஜா ஒன்றை என்னிடம் நீட்டினார். "குடிங்க தங்கச்சி. இனிப்பு கூடுதலாத்தான் இருக்கும். பயந்திருக்காரு."

குடித்தோம். அவர் முறிந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்து முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான் வெளுத்த கோடுகளைக் காட்டினேன்.

"அந்த வருசமெல்லாம் அங்க ரொம்பக் குளிரா?"

"கோடையிலகூட சூடு வரலக்கா. அதான் முத்தல."

அவர் அந்தக் கோடுகளைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"பாவம்," என்றார். பிறகு கதவின் பக்கம் தலையை ஆட்டினார். "அங்க சூடு பத்தாம கெட்டுப்போனதுக்கு, இங்க சூடு கூடிப்போச்சுன்னு என்னைச் சொன்னாங்க பாருங்க."

அந்தக் கட்டைத் துண்டைத் தன் தலைக்கவசத்துக்குள் போட்டுவிட்டு, அடுத்த அடுக்கை உள்ளே தள்ள ஆளைக் கூப்பிட்டார்.